காற்றைச் சரியாக எண்ணுதல்: பழைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களின் இரு அட்டவணைகள்

1980களிலும் 90களிலும் வந்த இன்ஜெக்‌ஷன் கார்களின் கணினிப் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு சிறிய நினைவுச் சிப் இருக்கும். அதில் பதிந்திருக்கும் எண்களில் இரண்டு தொகுதிகள்தான் எஞ்சினின் குணத்தை நிர்ணயிக்கின்றன. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒன்று சொல்கிறது. ப்ளக்கில் பொறி எந்த டிகிரியில் எழ வேண்டும் என்பதை இன்னொன்று சொல்கிறது. இரண்டுமே கட்டம் போட்ட அட்டவணைகள். ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் எஞ்சின் சுமக்கும் பாரம், நடுவில் எண்கள். எஞ்சின் இரண்டு கட்டங்களுக்கு இடையில் ஓடும்போது, சுற்றியுள்ள நான்கு எண்களை வைத்துக் கணினி இடைமதிப்பைக் கணக்கிட்டுக்கொள்கிறது.

இந்த எண்களை இன்று யார் வேண்டுமானாலும் மாற்றலாம். சிப்பைக் கழற்றிப் படிக்கும் கருவிகள் மலிவாகிவிட்டன. டியூனர்ப்ரோ போன்ற மென்பொருள்கள் எண்களைக் கட்டங்களாகவும் முப்பரிமாணப் பரப்பாகவும் விரித்துக் காட்டுகின்றன. எனவே, மாற்ற முடியுமா என்பது இப்போது கேள்வியே அல்ல. கட்டத்தில் எழுதியிருக்கும் எண் எஞ்சினைப் பற்றிய ஓர் அளவீடா, அல்லது வேண்டிய விளைவு கிடைக்கும்வரை திருகிப் பார்க்கும் திருகாணியா என்பதே கேள்வி. திருகாணியாகக் கருதியவர்கள் எரித்த பிஸ்டன்கள் பல. அளவீடாகக் கருதி உழைத்தவர்களின் எஞ்சின்கள் குளிரிலும் வெயிலிலும் ஒரே மாதிரி ஸ்டார்ட் ஆகின்றன. இந்தத் துறையில் கைக்கொள்ளப்படும் வழிகள் அனைத்தையும் இந்த ஒரு கேள்வியை வைத்து எடைபோடலாம் என்று நினைக்கிறேன்.

மின்னணு இன்ஜெக்‌ஷன் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரோஜெக்டராகத் தொடங்கியது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் பொருத்தப்பட்ட அது, அன்றைய மின்னணுப் பாகங்களின் பலவீனத்தால் தோற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் கார்புரேட்டரே திரும்ப மாட்டித் தரப்பட்டது. அந்தக் காப்புரிமைகளைப் பெற்ற போஷ், 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600இல் டி-ஜெட்ரானிக்கைக் கொண்டுவந்தது. அதில் அட்டவணை என்று எதுவும் கிடையாது. மின்தடைகளும் மின்தேக்கிகளும் சேர்ந்து ஒரு வளைகோட்டை உருவாக்கின. எண்களாலான அட்டவணை முதலில் வந்தது பெட்ரோலுக்கு அல்ல, பொறிக்குத்தான்: 1977 ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோவில் ஒரு நுண்செயலி பொறி நேரத்தை மட்டும் கணக்கிட்டது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்த போஷ் மோட்ரானிக்.

இந்தக் கணினிகளுக்கு முன்பு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் எடைகளும் ஒரு வேக்குவம் டயஃப்ரமும் மட்டுமே பொறி நேரத்தைத் தீர்மானித்தன. ஒன்று வேகத்துக்கு, ஒன்று பாரத்துக்கு. இரண்டும் கூடினால் வழவழப்பான ஒரு சரிவு. மோட்ரானிக்கின் வரைபடத்தைப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒவ்வொரு மேடும் எஞ்சினை டைனமோமீட்டரில் பூட்டி, அந்த வேகத்தில் அந்தப் பாரத்தில் அளந்து எழுதப்பட்டது. பொறியாளர்கள் மாதக்கணக்கில் செய்த அந்த வேலையின் மீதுதான் நாம் கை வைக்கிறோம் என்ற நினைப்பு, சிப்பை மாற்றி எழுதப் புறப்படும் எவருக்கும் இருக்க வேண்டும்.

எஞ்சினுக்குள் போன காற்றின் எடை தெரிந்தால் பெட்ரோலின் எடை தெரிந்துவிடும். சாதாரண பெட்ரோலுக்கு விகிதம் 14.7க்கு 1. ஆகவே எல்லா வேலையும் காற்றை எண்ணுவதில்தான் இருக்கிறது. அதற்குப் பழைய எஞ்சின்களில் மூன்று வழிகள். வரும் காற்றை நேராக அளக்கும் மீட்டர் வைப்பது முதல் வழி. இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து, சிலிண்டர் எந்த அளவுக்கு நிரம்புகிறது என்ற சதவீதத்தை அட்டவணையிலிருந்து எடுத்து, எடையைக் கணக்கிடுவது இரண்டாவது. இதை ஸ்பீட் டென்சிட்டி என்பார்கள். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் ஆர்பிஎம்மையும் மட்டுமே பார்ப்பது மூன்றாவது. சிலிண்டருக்கொரு த்ராட்டில் வைத்த பந்தய எஞ்சின்களில் வேக்குவம் நிலையாக நிற்காது. அங்கே மூன்றாவதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் இரண்டையும் ஒப்பிட ஜெனரல் மோட்டார்ஸின் டியூன்டு போர்ட் இன்ஜெக்‌ஷனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1985இல் கார்வெட், கமாரோ, ஃபயர்பேர்ட் கார்களின் வி8 எஞ்சின்களில் அது வந்தது. 1989 வரை காற்று மீட்டர். 1990 முதல் 1992 வரை அதே எஞ்சினுக்கு ஸ்பீட் டென்சிட்டி. முதல் காலத்தின் பெட்டியை அதன் பாக எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களால் 165 என்றும், பிற்காலப் பெட்டியை 730 என்றும் அழைக்கிறார்கள். இரும்பு அதே, கேம்ஷாஃப்ட் குடும்பம் அதே, காற்றை எண்ணும் வழி மட்டும் வேறு.

165 பெட்டியில் மீட்டர் கணக்கிடக்கூடிய உச்சம் வினாடிக்கு 255 கிராம். எட்டு பிட் எண்ணின் எல்லை அது. எஞ்சினை வலுப்படுத்தி அதற்கு மேல் காற்று இழுக்கச் செய்தால், கணினி 255இலேயே நின்றுவிடும். கூடுதல் காற்றுக்கு உரிய பெட்ரோலை வேறு வழியில்தான் சேர்க்க வேண்டும். ஆனால் அந்த எல்லைக்குள் கேம்ஷாஃப்ட்டை மாற்றினாலும், எக்ஸாஸ்ட்டைத் திறந்துவிட்டாலும், மீட்டர் புதிய காற்றைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். 730 பெட்டி அப்படியல்ல. சிலிண்டர் நிரம்பும் சதவீதம் அட்டவணையில் எழுதி வைக்கப்பட்ட நம்பிக்கை. கேம் மாறினால் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும். கட்டம் கட்டமாகத் திரும்ப அளக்க வேண்டும். உழைப்பு அதிகம். பதிலுக்கு எல்லை கிடையாது, மீட்டர் அடைப்பும் கிடையாது.

ஒரு சிறிய கணக்கு இங்கே உதவும். 5.7 லிட்டர் வி8இல் ஒரு சிலிண்டர் சுமார் 717 கன செ.மீ. ஐடிலில் மேனிஃபோல்ட் அழுத்தம் 40 கிலோபாஸ்கல், நிரம்பும் சதவீதம் 55 என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு சிலிண்டருக்குள் போகும் காற்று சுமார் 0.19 கிராம், அதற்கு வேண்டிய பெட்ரோல் 13 மில்லிகிராம். மணிக்கு 22 பவுண்டு பாய்ச்சும் இன்ஜெக்டர் இதைத் தர 4.6 மில்லிவினாடி போதும். இந்த எஞ்சின்களில் இன்ஜெக்டர் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை திறப்பதால், ஒவ்வொரு முறைக்கும் 2.3. இன்ஜெக்டரின் ஊசி எழுந்து பெட்ரோல் பாயத் தொடங்குவதற்கே ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி வீணாகிறது. பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் இந்த வீண் நேரம் கூடும். ரேடியேட்டர் ஃபேனும் ஹெட்லைட்டும் ஒன்றாக ஓடும்போது அது 0.4 மில்லிவினாடி கூடி, பெட்டியில் அதற்கான திருத்தம் இல்லையென்றால், 17 சதவீதம் பெட்ரோல் குறைந்துவிடும். எஞ்சின் நடுங்கும். அனுபவமில்லாதவர் உடனே ஐடில் கட்டங்களின் எண்ணை ஏற்றுவார். நடுக்கம் போகும். ஃபேன் நின்றதும் கலவை தேவைக்கு மேல் ரிச் ஆகிப் பெட்ரோல் நாற்றம் அடிக்கும். அட்டவணையில் குற்றமில்லை, இன்ஜெக்டரின் வோல்டேஜ் திருத்தத்தில்தான் குற்றம்.

பிழை எங்கே இருக்கிறதோ அங்கே திருத்தாமல் கைக்கு எட்டிய இடத்தில் திருத்தும் இந்தப் பழக்கம்தான் இத்துறையின் பெரிய நோய். இதன் மோசமான வடிவம் ஃபோர்டு மஸ்டாங்கில் நடந்தது.

5.0 லிட்டர் மஸ்டாங்குக்கு 1988இல் கலிஃபோர்னியாவிலும் 1989இல் நாடு முழுவதும் காற்று மீட்டர் வந்தது. ஈஈசி-4 என்ற அதன் கணினியின் நிரலை அப்போது வெளியாட்கள் திறக்க முடியவில்லை. சூப்பர்சார்ஜர் வைத்தவர்களுக்கு மணிக்கு 19 பவுண்டு இன்ஜெக்டர் போதவில்லை. 30 பவுண்டு இன்ஜெக்டர் போட்டார்கள். கணினிக்கு அது தெரியாது. 19 என்று நினைத்தே திறக்கும், பெட்ரோல் வழியும். அதற்குச் சந்தை ஒரு தீர்வு கண்டது: 30 பவுண்டு இன்ஜெக்டருக்கென்றே திரித்து அளவிட்ட காற்று மீட்டர். 100 கிராம் காற்று போனால் அது 63 கிராம் என்று சொல்லும். கணினி 63 கிராமுக்குப் பெட்ரோல் கேட்கும், பெரிய இன்ஜெக்டர் 100 கிராமுக்கு உரியதைத் தெளிக்கும். கலவை சரியாகிவிட்டது. காரியம் முடிந்தது என்று பலரும் எண்ணினார்கள்.

ஆனால் அந்தக் கணினி பொறி நேரத்தையும் அதே காற்றளவிலிருந்துதான் எடுக்கிறது. சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதே அதற்குப் பாரம். முழு ஆக்சிலரேட்டரில் ஓடும் எஞ்சினை மூன்றில் இரண்டு பங்கு பாரத்தில் ஓடுவதாக நினைத்து, அந்தப் பாரத்துக்கு உரிய அட்வான்ஸைக் (பொறியை முன்கூட்டியே எழுப்பும் அளவை) கொடுத்துவிடும். பாரம் குறைவான கட்டங்களில் அட்வான்ஸ் எப்போதும் அதிகம், ஏனென்றால் அங்கே கலவை நெருக்கமின்றி மெதுவாக எரிகிறது. பூஸ்ட் ஏறி நெருக்கப்பட்ட கலவைக்கு அந்த அட்வான்ஸ் விஷம். பெட்ரோல் கணக்கில் சொன்ன ஒரு பொய், பொறிக் கணக்கில் போய் ஹெட் காஸ்கெட்டை ஊதியது. பின்னாளில் கணினியின் ஜே3 சோதனைத் துளையில் சிப் செருகி இன்ஜெக்டர் அளவையும் மீட்டரின் உண்மையான வளைகோட்டையும் எழுத முடிந்தபோதுதான் இதிலிருந்து விடுதலை வந்தது.

ஐரோப்பாவிலும் இதே கதை உண்டு. எல்-ஜெட்ரானிக்கில் காற்று தள்ளித் திறக்கும் ஒரு மடல் இருக்கும்; அதைப் பிடித்திருக்கும் சுருள்வில்லை ஒரு பற்சக்கரத்தால் இறுக்கவும் தளர்த்தவும் முடியும். ஓரிரு பல் தளர்த்தினால் மடல் கூடுதலாகத் திறக்கும், கலவை ரிச் ஆகும். எல்-ஜெட்ரானிக்கில் பொறி நேரம் தனியே டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்ததால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. அதே மடல் வந்த மோட்ரானிக் எஞ்சின்களிலும் பழக்கத்தால் அந்தச் சுருள்வில்லிலேயே கை வைத்தார்கள். அங்கே வில்லை இறுக்கினால் பெட்ரோல் குறையும், கூடவே அட்வான்ஸும் ஏறும். லீன் கலவையும் கூடிய அட்வான்ஸும் ஒன்றாக வருவதைவிடக் கெட்ட சேர்க்கை இல்லை.

730 பெட்டிக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை சேரும். அதன் பொறி அட்டவணை மேனிஃபோல்ட் அழுத்தத்தை நேரடியாகப் பார்க்கிறது. பெட்ரோல் அட்டவணையில் எவ்வளவு தப்பு எழுதினாலும் அது பொறிக்குப் பரவாது. புதிதாகப் பழகுபவர்களுக்கு ஸ்பீட் டென்சிட்டியே ஏற்றது என்று நான் சொல்வதற்கு இது போதுமான காரணம்.

ஃப்யூல் பிரஷரை ஏற்றிக் கலவையைச் சரிசெய்யும் வழக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லி நகரலாம். பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. 3 பாரிலிருந்து 3.5 பாருக்கு ஏற்றினால் எல்லாக் கட்டங்களிலும் ஒரே மாதிரி 8 சதவீதம் கூடும். பிழை எல்லாக் கட்டங்களிலும் ஒரே 8 சதவீதமாக இருந்தால் மட்டுமே இது தீர்வு. அப்படி இருப்பது அபூர்வம்.

சரி, கலவை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1977 மாடல் வால்வோ காரோடு லாம்டா சென்சார் வந்தது. எக்ஸாஸ்ட்டில் உட்கார்ந்து, கலவை ரிச் என்றால் 0.9 வோல்ட்டுக்கு அருகிலும், லீன் என்றால் 0.1 வோல்ட்டுக்கு அருகிலும் காட்டும். நடுவே 0.45இல் செங்குத்தாக விழும். ரிச்சா லீனா என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது. கணினி அதைக் கேட்டுக்கேட்டுப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து, 14.7ஐச் சுற்றி ஊசலாட வைக்கிறது. எவ்வளவு திருத்த வேண்டியிருந்தது என்பதைக் குறித்தும் வைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிகளில் இதற்குப் பிளாக் லேர்ன் என்று பெயர். 128 என்றால் திருத்தமே தேவையில்லை, 138 என்றால் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்று பொருள். டேஷ்போர்டின் கீழுள்ள இணைப்பில் கேபிள் செருகிப் பயணம் முழுக்க இந்த எண்ணைப் பதிவுசெய்து, ஒவ்வொரு கட்டத்தையும் 128ஆல் வகுத்த அந்த எண்ணால் பெருக்கினால், இரண்டு மூன்று சுற்றில் அட்டவணை எஞ்சினோடு ஒட்டிவிடும். செலவில்லாத, நேர்மையான வழி. ஆனால் 14.7ஐச் சுற்றி ஓடும் கட்டங்களுக்கு மட்டும்தான் இது செல்லும். முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சினுக்கு வேண்டியது 12.5 முதல் 13; அங்கே இந்தச் சென்சார் குருடு.

அந்த இருட்டை வைட்பேண்ட் சென்சார் நீக்கியது. 1992 ஹோண்டா சிவிக் விஎக்ஸ் போன்ற லீன் பர்ன் எஞ்சின்களுக்காக வந்த இது, பின்னர் போஷ் எல்எஸ்யூ 4.2, 4.9 வழியாகத் தனியார் கைகளுக்கும் எட்டியது. பழைய எஞ்சின் ட்யூனிங்கின் வரலாற்றை வைட்பேண்டுக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம். ப்ளக்கின் நிறத்தைப் பார்த்து ஊகித்த காலம் போய், ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கிடைத்தது. 2001இல் அமெரிக்காவில் புரூஸ் போலிங், அல் கிரிப்போ இருவரும் மெகாஸ்குவர்ட் என்ற கணினியைச் சொந்தமாகச் சால்டர் செய்து கட்டிக்கொள்ளும் பலகையாக வெளியிட்டபோது, கார்புரேட்டர் வண்டிகளும் செத்துப்போன பெட்டிகளும் இந்த உலகுக்குள் வந்தன. தொடக்கத்தில் அதன் பெட்ரோல் அட்டவணை எட்டுக்கு எட்டு கட்டம்தான். பொறியைப் பிந்தைய நிரல்கள் சேர்த்தன. வைட்பேண்டைப் பார்த்து அட்டவணையைத் தானே திருத்தும் வசதி டியூனர்ஸ்டுடியோ மென்பொருளில் வந்ததும், ட்யூனிங் முடிந்தே போனது என்று பலர் நம்பினார்கள்.

முடியவில்லை. எந்தச் சென்சாரும் பார்ப்பது எக்ஸாஸ்ட்டில் உள்ள ஆக்சிஜனையே. சிலிண்டருக்குள் நடந்ததை அல்ல. ஓவர்லாப் அதிகமுள்ள கேம் வைத்த எஞ்சின் ஐடிலில் மிஸ் அடிக்கும். எரியாத கலவையோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வரும். சென்சார் லீன் என்று சொல்லும், கணினி பெட்ரோலைக் கூட்டும், மிஸ் இன்னும் கூடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் காஸ்கெட்டில் மயிரிழை விரிசல் இருந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் இதே கதைதான். அப்போது நம் காதும் மூக்கும் சொல்வதை நம்ப வேண்டும்: ஐடில் எங்கே அமைதியாகிறது, வேக்குவம் எங்கே அதிகமாக நிற்கிறது, புகையில் கண் எரிகிறதா. இன்னொரு சிக்கல் தாமதம். ஐடில் வேகத்தில் எரிந்த வாயு சென்சாரை அடைவதற்குள் எஞ்சின் வேறொரு கட்டத்துக்குப் போயிருக்கலாம். தானியங்கித் திருத்தம் ஒரு கட்டத்தின் பிழையைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதிவிடும். ஆக்சிலரேட்டரை அமுக்கிய கணத்தில் கிடைக்கும் அளவுகளையும் நம்பக்கூடாது. பெட்ரோலில் ஒரு பகுதி போர்ட்டின் சுவரில் ஒட்டிப் பிறகே ஆவியாகிறது. 1981இல் ஃபோர்டின் சார்லஸ் அக்வினோ இதற்கொரு கணித மாதிரியைக் கொடுத்தார். இன்றைய கணினிகளும் அதன் வழியிலேயே நடக்கின்றன. அந்தத் திருத்தம் வேறு அட்டவணைக்கு உரியது. நிலையாக ஓடிய கட்டங்களை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்ளாத எந்தப் பதிவும் குப்பைதான்.

சென்சார் பொருத்திய இடமும் பொய் சொல்ல வைக்கும். டியூன்டு போர்ட் எஞ்சினில் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் பிளீனம் என்ற உலோகக் காற்றறையின் அடியில் திருகப்பட்டிருக்கிறது. வெயிலில் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது உலோகத்தின் சூட்டைக் காட்டும். காற்று 40 டிகிரியில் இருக்க, சென்சார் 70 என்று சொன்னால் கணினி காற்றை 9 சதவீதம் குறைத்து எண்ணும். கலவை லீன். மத்தியானத்தில் ட்யூன் செய்த அட்டவணை மறுநாள் காலையில் ரிச்சாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பெட்ரோல் அட்டவணை ஒருவகையில் இரக்கமுள்ளது. தப்பு செய்தால் சென்சார் சொல்லும், புகை சொல்லும், இழுக்காமல் எஞ்சினே சொல்லும். பொறி அட்டவணை அப்படியல்ல. பொறி எழுந்து கலவை எரிந்து முடிய நேரம் பிடிக்கிறது. பிஸ்டன் மேல் முனையைக் கடந்து 15 டிகிரி வாக்கில் அழுத்தம் உச்சத்துக்கு வந்தால் முறுக்குவிசை அதிகபட்சம். அதற்கு எத்தனை டிகிரி முன்பே பொறி வேண்டும் என்பதே அட்வான்ஸ். பழைய இரும்பு ஹெட் செவர்லே ஸ்மால் பிளாக்குக்கு முழு ஆக்சிலரேட்டரில் 34 முதல் 36 டிகிரி வேண்டியிருந்தது. 1996இல் வந்த வோர்டெக் ஹெட்டில் கலவை சுழன்று வேகமாக எரிவதால் அதைவிடக் குறைவே போதும். ஹெட்டை மாற்றிவிட்டுப் பழைய அட்டவணையை அப்படியே வைத்திருப்பவர், தனக்குத் தெரியாமலே எஞ்சினை அடித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த உச்சம் ஒரு கூர்முனை அல்ல, தட்டையான மேடு. உச்சத்திலிருந்து நாலைந்து டிகிரி குறைத்தால் இழப்பு ஓரிரு சதவீதம்தான். மறுபுறம் கூட்டினால் பலன் ஒன்றுமில்லை, நாக்கிங் நெருங்குகிறது. தீ பரவி வருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் அது 6 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். 1978இல் ப்யூக் டர்போ வி6இல் அந்த ஒலியைக் கேட்டுப் பொறியைப் பின்னுக்கு இழுக்கும் அமைப்பு வந்தது. 1982இல் சாப் ஏபிசி அதே ஒலியைக் கேட்டு டர்போவின் அழுத்தத்தைக் குறைத்தது. நாக் சென்சார் ஒரு காவல். அதை ட்யூனிங் கருவியாக்கி, அது கத்தும்வரை அட்வான்ஸ் ஏற்றி ஒரு டிகிரி குறைத்து வைப்பது நல்ல வழி அல்ல. எஞ்சினின் வால்வ் சத்தத்தை நாக்கிங் என்று எண்ணி அது அநியாயமாக இழுப்பதும் உண்டு. அதிக ஆர்பிஎம்மில் உண்மையான நாக்கிங் இரைச்சலில் மறைந்துபோவதும் உண்டு.

உண்மையான அளவு டைனமோமீட்டரில்தான் கிடைக்கும். ஒரு வேகத்தில் எஞ்சினைப் பிடித்து நிறுத்தி, இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றி, முறுக்குவிசை கூடுவது நின்ற இடத்தில் நிறுத்தி, அதிலிருந்து இரண்டு டிகிரி பின்வாங்க வேண்டும். டைனமோமீட்டர் இல்லாதவர் தொழிற்சாலை எழுதிய எண்ணோடு இருப்பதே உத்தமம். இதைச் சொல்லும்போது சிலர் ஏமாற்றமடைகிறார்கள். ஆனால் ட்யூனிங்கில் கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு பெட்ரோல் அட்டவணையில் இருக்கிறது. ஆபத்தில் பெரும்பங்கு பொறி அட்டவணையில். பெட்ரோல் முதலில், பொறி கடைசியில் என்ற வரிசையை எக்காரணத்தாலும் மாற்றக்கூடாது. கலவை மாறினால் எரியும் வேகம் மாறும், அப்போது பொறிக்காகச் செய்த அளவீடு எல்லாம் வீணாகும்.

ஈஜிஆர் வால்வைக் கழற்றி எறிபவர்களுக்கு ஒரு வார்த்தை. எரிந்த வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் அந்த வால்வ் கலவையை நீர்க்கச் செய்து மெதுவாக எரிய வைக்கிறது. அதற்கு ஈடாகத் தொழிற்சாலை அந்தக் கட்டங்களில் அட்வான்ஸைக் கூட்டி எழுதியிருக்கும். வால்வ் போய் எண் மட்டும் மிஞ்சினால், நெடுஞ்சாலையில் பாதி ஆக்சிலரேட்டரில் போகும்போது மெல்லிய கிணிகிணிப்பு கேட்கும். ஒரு பாகத்தை எடுத்தால் அதற்காக எழுதிய எண்ணையும் எடுக்க வேண்டும்.

இந்த விவாதம் அமெரிக்க வி8களோடு நிற்பதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கட்டப்பட்ட சான்ட்ரோவும், திருவள்ளூரில் அதே ஆண்டு வந்த லான்சரும், மறைமலைநகரில் 1999இல் வந்த ஐக்கானும் தமிழ்நாட்டில் பிறந்த முதல் தலைமுறை இன்ஜெக்‌ஷன் கார்கள். அவற்றில் இன்னும் ஓடுபவை இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓடுகின்றன. 2025இல் நாடு அந்த அளவை எட்டிவிட்டது. எத்தனாலுக்கு வேண்டிய காற்று விகிதம் 9க்கு 1. 20 சதவீதம் கலந்தால் 14.7 என்பது ஏறக்குறைய 13.5 ஆகிறது. அதே காற்றுக்குக் கன அளவில் 7 முதல் 8 சதவீதம் அதிகப் பெட்ரோலைத் தெளிக்க வேண்டும்.

சாதாரண ஓட்டத்தில் லாம்டா சென்சார் இதைக் கவனித்துச் சரிசெய்துவிடும். அது பார்ப்பது ஆக்சிஜனை, எரிபொருளின் பெயரை அல்ல. சிக்கல் சென்சாரைக் கேட்காத நேரங்களில்: காலையில் குளிர்ந்த ஸ்டார்ட், எஞ்சின் சூடாகும் நிமிடங்கள், முழு ஆக்சிலரேட்டர். கற்றுக்கொண்ட திருத்தத்தைச் சில பெட்டிகள் முழு ஆக்சிலரேட்டருக்கும் எடுத்துச்செல்லும், பல எடுத்துச்செல்லாது. 12.8ஆக இருக்கும் என்று எழுதப்பட்ட கலவை அங்கே அதே அளவு லீனாகிவிடுகிறது. எத்தனாலின் ஆக்டேன் கூடுதல் என்பதால் நாக்கிங் ஓரளவு தள்ளிப்போகிறது, அதுவரை நல்லது. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதும், ஏற்றத்தில் பிக்கப் குறைவதும் வண்டி பழசானதால்தான் என்று சொல்லி அனுப்பிவிடுவது நியாயமில்லை. கணினி இன்னும் பழைய எரிபொருளுக்கே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

இதைத் திருத்தப் புறப்படுபவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. சிலிண்டர் நிரம்பும் அளவை எல்லாக் கட்டங்களிலும் 8 சதவீதம் கூட்டலாம். ஆனால் எஞ்சின் முன்பைவிட அதிகக் காற்றை இழுக்கவில்லையே. காற்று மீட்டரின் வளைகோட்டை 8 சதவீதம் உயர்த்தலாம். அப்போது பொறி அட்டவணை பாரம் கூடிவிட்டதாக எண்ணி அட்வான்ஸைக் குறைத்து, எத்தனால் தந்த ஆக்டேன் நன்மையையும் தின்றுவிடும். மூன்றாவது, பெட்டிக்குள் எங்கோ 14.7 என்று எழுதியிருக்கும் அந்த ஒற்றை எண். பல பெட்டிகளில் அது ஒரு மாறிலியாகவே இருக்கிறது. அதை 13.5 என்று எழுதினால் குளிர் ஸ்டார்ட், சூடேறும் நேரம், முழு ஆக்சிலரேட்டர் எல்லாம் ஒன்றாக நகரும். காற்றைப் பற்றியும் பொறியைப் பற்றியும் எழுதிய எதையும் தொட வேண்டியதில்லை. அதன் பிறகு வைட்பேண்டைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பெட்ரோலுக்கென்று அளவிட்ட மீட்டர் 14.7 என்று காட்டினால், இந்தக் கலப்பு எரிபொருளில் உண்மையில் அது 13.5தான். அதனால் எந்த எரிபொருளுக்கும் சரியான கலவையை 1.00 என்று காட்டும் லாம்டா அளவுக்கு மீட்டரை மாற்றி, அந்த எண்ணைப் பார்த்து வேலை செய்வதே சரி.